சேறு காயும் முன்: 2015 டிசம்பரில் வீட்டைக் கழுவிய கதை

சென்னை வெள்ளத்தின்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தினசரி காலண்டரில் டிசம்பர் 2, புதன்கிழமைத் தாளின் பின்பக்கம். பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், டெட்டால், துடைப்பம், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி. ஆறே ஆறு சாமான். இதில் பாதி, தண்ணீர் வடிந்த மறுநாளே தெருமுனையில் தன்னார்வலர்கள் கொடுத்துவிட்டார்கள். மீதியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகுதான், நிஜமாகத் தேவைப்பட்டது எதுவும் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது.

மேற்கு சைதாப்பேட்டையில், அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, அம்மா, ஏழாவது படிக்கும் மகள். டிசம்பர் 1 அன்று தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, பாத்ரூம் சாக்கடை ஓட்டை ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு மேலே துப்பியது மட்டும்தான். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பின்னாலிருந்து வந்தது. இருபது நிமிடத்தில் முழங்கால். மேலே ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு ஏறிவிட்டோம். விடியும்போது கீழ்வீட்டு ஜன்னல் முழுகியிருந்தது.

டிசம்பர் 4, வெள்ளி

இரண்டு நாள் கழித்து இடுப்பளவுக்கு இறங்கி, பிறகு ஒரே மதியத்தில் வடிந்துவிட்டது. வடிந்த வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது தப்பு. தண்ணீர் போனாலும் சேறு போகவில்லை.

ஏரியாவிலேயே கரண்ட் இல்லை என்றாலும் மீட்டர் போர்டில் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரோ எங்கேயோ சப்ளை கொடுத்தால் நம் ஈரச் சுவர் உயிரோடு இருக்குமே என்ற பயம். கதவு ஊறி உப்பி நிலைக்கு வெளியே நின்றது. கடப்பாரை வைத்து நெம்பித் திறந்தோம். உள்ளே ஃப்ரிட்ஜ் மிதந்துபோய்க் கட்டில் மேல் மல்லாக்கப் படுத்திருந்தது. சிலிண்டர் ஹாலுக்கு வந்திருந்தது. தடியால் மூலை மூலையாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தேன். பக்கத்துத் தெருவில் பீரோவுக்கு அடியிலிருந்து பாம்பு பிடித்திருந்தார்கள்.

எதையும் தொடும் முன் மகள் எல்லா அறையையும் மொபைலில் படம் எடுத்தாள். அவளாகச் செய்தது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைக் கேட்டபோது அந்தப் படம்தான் உதவியது. அதற்குள் கோட்டை நான் தேய்த்துக் கழுவியிருந்தேன்.

முதல் அரை மணி நேரத்தில் ரப்பர் செருப்பு இரண்டையும் சேறு உறிஞ்சிக்கொண்டது. வெறுங்காலோடு நடந்து உடைந்த ட்யூப்லைட்டை மிதித்தேன். மாநகராட்சி மருத்துவ முகாமில் டிடி ஊசி போட்டுவிட்டு, “சேத்துல நிக்கிற வேலைன்னா கம்பூட் போட்டுக்கங்க, எலிக்காய்ச்சல் வரும்” என்று டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்தார். பட்டியலில் ஏழாவதாக கம்பூட் ஏறியது. முதலில் இருந்திருக்க வேண்டியது அது.

சேற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஆற்று மணல் இல்லை. களிமண், சாக்கடை, எங்கேயோ கலந்த டீசல் எல்லாம் சேர்ந்த, கறுப்பு வெண்ணெய் மாதிரி ஒன்று. ஈரமாக இருக்கும்போது தரை துடைக்கிற வைப்பரால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறது. ஹாலை அன்று மாலையே தள்ளிவிட்டோம். இருட்டிவிட்டதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கையறையை விட்டோம். மறுநாள் மதியத்துக்குள் அதன் மேல் தோல் கட்டி, அதற்கு மறுநாள் வெடித்து, மண்வெட்டியால் கொத்தி பாண்டில் அள்ள வேண்டியதாயிற்று. ஹாலுக்கு இரண்டு மணி நேரம். அதில் பாதியளவு இருந்த படுக்கையறைக்கு ஒரு முழுப் பகல். அங்கே பிடித்தது எனக்கு அந்தப் பாடம்: ஈரமாக இருக்கிற பொருளை அவசரப்பட்டுக் காயப்போடக் கூடாது. முதலில் கழுவணும். சேற்றோடு காய்ந்தால் போச்சு.

ஆனால் கழுவ எதில் கழுவுவது? சம்ப்பில் சாக்கடை. குழாயில் வரவில்லை. லாரித் தண்ணீர் குடிக்கவே இரண்டு குடம். ஊர் முழுக்கத் தண்ணீர், ஒரு மக்கு நல்ல தண்ணீருக்கு வழியில்லை. ஹவுஸ் ஓனர் அம்மாதான், “மேல வானம் இன்னும் விடலையே தம்பி, தார்ப்பாயைக் கட்டிப் புடிச்சுக்கோயேன்” என்றார். மாடியில் துணி காயப்போடும் கம்பிகளுக்கு இடையே தார்ப்பாயைத் தொட்டில் மாதிரி கட்டி, நடுவில் ஒரு செங்கல்லைப் போட்டு, கீழே டிரம் வைத்தோம். விட்டுவிட்டுப் பெய்த மழையில் காலைக்குள் இரண்டு டிரம் நிறைந்தது. எங்களைத் துரத்திய அதே மழை!

டிசம்பர் 5, சனி

காலையில் தெருவில் பெரிய சத்தம். எதிர்வீட்டுக்காரர் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன் மேலேயே பாத்ரூம் ஆசிடையும் ஊற்றியிருக்கிறார். ‘ரெண்டும் சேர்ந்தா டபுள் சுத்தம்’ என்று நினைப்பு. கிளம்பியது குளோரின் வாயு. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து திண்ணையில் படுத்துவிட்டார். கண் சிவந்து, ஒரு மணி நேரம் பேச்சே வரவில்லை. அதிலிருந்து ஆசிட் பாட்டிலை நான் தனியாக மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிளீச்சிங் பவுடரை அப்படியே தூவுவதில் பெரிய பலனில்லை, மூக்குக்குத்தான் கேடு. நான் கரைத்தது பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம். கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரைத் தரையிலும் சுவரில் இடுப்புயரம் வரையிலும் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கரைக்கணும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். சேறு இருக்கும் தரையில் ஊற்றினால் குளோரின் முழுக்கச் சேற்றோடேயே தீர்ந்துவிடும். ஆக இங்கேயும் கழுவிய பிறகுதான். இரும்பில் பட்டால் ராத்திரிக்குள் துரு. பீரோவின் கீழ்த்தட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அது.

பத்து மணிக்கு பாரிமுனைக்குக் கிளம்பினேன். அன்று முதல் நாலு நாள் மாநகரப் பேருந்தில் இலவசம், டிக்கெட் கிடையாது. என் புதுப் பட்டியல் இப்போது வேறாக இருந்தது, காரணம் முந்தின ராத்திரி அக்காவோடு போனில் பேசியது. அக்கா ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஈரப் புத்தகம், போட்டோ என்றதும் அவள் முதலில் கேட்டது, “காயப்போட்டுட்டியா?” இல்லை என்றதும், “நல்லவேளை. தொடாதே. ரெண்டு நாள்ல பூஞ்சை கட்டும், அதுக்குள்ள குளிரவச்சிடணும்” என்றாள்.

பிராட்வேயில் கம்பூட் இரண்டு ஜோடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, மூக்கு மூடி, நைலான் கயிறு, நூறு பிளாஸ்டிக் கிளிப். கம்பூட்டில் பத்தாம் நம்பர் மட்டும்தான் மிச்சம். மனைவிக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு நிரப்பினோம். பிறகு ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக்கு அலைகிற தெருவில் நான் கேட்டது அச்சடிக்காத நியூஸ் பிரிண்ட் தாள் பத்து கிலோவும் பட்டர் பேப்பரும். கடைக்காரர் என் கம்பூட்டைப் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை, விலையைக் குறைத்தார்.

அச்சடித்த பழைய பேப்பர் வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஈரத்தில் மை ஒட்டிக்கொள்ளும். பழைய பேப்பர் இருந்தால்தானே! இரண்டாம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஆள் போய்ச்சேர முடியவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு நாள் இல்லையாம்.

போட்டோக்கள்

இதற்கு மட்டும் தேதி போட முடியாது. ஐந்தாம் தேதி மாலை தொடங்கி ஏழாம் தேதி ராத்திரி வரை இடையிடையே ஓடியது.

மூன்று ஆல்பம். இரண்டு, பசை அட்டை மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ரகம். பிளாஸ்டிக்கை உரித்தால் படம் அதோடு வந்துவிடும் என்பதால் ஓரத்தை பிளேடால் கிழித்து, பக்கத்தோடு அப்படியே மழைத்தண்ணீர் டப்பில் மிதக்கவிட்டேன். பத்திருபது நிமிடத்தில் படங்கள் தாமாகக் கழன்று வந்தன. கழன்றதை அடுத்த டப்பில் அலசி, மூன்றாவது டப்பில் ஒரு முக்கு. பட முகத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்கணும். ஊறிய படத்தின் மேற்பூச்சு பால் ஆடை மாதிரி நழுவும். அலசியதை நியூஸ் பிரிண்ட் மேல் முகம் மேலே பார்க்கப் பரப்பினோம், சிலதை ஓரத்தில் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டோம். வெயிலில் இல்லை, நிழலில்.

கலர் படம் கெடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. மேற்பூச்சில் நீலம் முதலில் கரைகிறது, அந்த இடம் சிவந்து தெரியும். அடுத்து சிவப்பும் போய் மஞ்சள். கடைசியில் வெறும் வெள்ளைத்தாள். என் கல்யாண ஆல்பத்தில் மணவறையின் இடது ஓரம் தீப்பிடித்தது போல ஆகி நின்றுவிட்டது, மாமனார் மஞ்சளில் மறைந்துவிட்டார். (மனைவி இதற்குச் சிரித்ததை நான் இங்கே எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.) வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவை மொத்தமும் காலி. தப்பியவற்றில் நம்பவே முடியாதது, அம்மா அப்பாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். சேற்றைக் கழுவியதும் ஸ்டுடியோவிலிருந்து வந்த மாதிரி நின்றது.

ஏழாம் தேதி ராத்திரிக்குள் ஒரு ஆல்பத்துக்குக் கை போகவே இல்லை. நாள் கடந்துவிட்டது என்று தெரிந்து, பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் செருகி, பிளாஸ்டிக் கவரில் கட்டினேன். அதோடு சேர்த்துப் புத்தகங்களில் பன்னிரண்டு, மகளின் நோட்டுகள், அப்பாவின் அளவு நோட்டு, இன்னும் சில காகிதங்கள். எல்லாம் ஆட்டோவில் அண்ணா நகருக்கு, அக்கா வீட்டு ஃப்ரீசருக்கு. அங்கே கரண்ட் இருந்தது. கதவைத் திறந்த அத்தான், “மீன் வைக்கிற எடத்துல என்னடா வைக்கிற?” என்றார். “ஆறு மாசத்துக்கு மீனே கிடையாது போங்க” என்றாள் அக்கா.

உறையவைப்பதால் எதுவும் காய்ந்துவிடாது. நேரம் மட்டும் நின்றுவிடும், பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நிதானமாகக் காயவைக்கலாம். ஐஸ் கட்டாத ரக ஃப்ரீசர் என்றால் கவரைத் திறந்து வைத்தால் அதிலேயே மாதக்கணக்கில் மெல்ல உலரவும் செய்யும்.

சான்றிதழ்கள் விஷயம் சுருக்கம்தான். லேமினேட் செய்திருந்த என் மார்க் ஷீட்டுக்குள் மூலை வழியாகத் தண்ணீர் புகுந்து, முத்திரையின் ஊதா மை முழுக்கப் படர்ந்துவிட்டது. லேமினேஷனைப் பிரிக்கவும் முடியாது. இழந்த ஆவணங்களுக்கு அரசு நடத்திய சிறப்பு முகாமில் எழுதிக்கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கும் வெள்ளத்தில் கெட்டதென்றால் கட்டணம் வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். லேமினேட் செய்யாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த மகளின் பிறப்புச் சான்றிதழ் கழுவி விரித்ததும் சரியாகிவிட்டது. இனி எங்கள் வீட்டில் எதற்கும் லேமினேஷன் கிடையாது.

தையல் மெஷின்

அப்பா தையல்காரர். அவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது அப்போது. கால் மெஷின், உஷா. அம்மா அதில்தான் தலையணை உறை தைப்பாள். மேல் பலகை பிளைவுட் பூரி மாதிரி உப்பிப் பிரிந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட்டோம். இரும்புத் தலையைப் பார்த்து அம்மா, “இத மட்டும் எடைக்குப் போட்டுறாதேப்பா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மற்றவர்கள் செய்தது போல நானும் முதலில் எண்ணெய்க் கேனைத்தான் தேடினேன். சேறு உள்ளே இருக்கும்போது எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் பேஸ்ட் ஆகிவிடும் என்று தடுத்தவர் பஜார் ரோட்டில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பெரியவர். “தண்ணியில போனது, தண்ணியிலயே கழுவு. பயப்படாத” என்றார். மழைத்தண்ணீரை டப்பில் ஊற்றி, மெஷின் தலையை முழுக்க முக்கிக் குலுக்கினோம். நாலு தடவை தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிவு வந்தது. கவிழ்த்து வைத்து வடியவிட்டு, உடனே மண்ணெண்ணெய். அதுதான் அன்றைக்கு முகாமில் கிடைக்காத, பணம் கொடுத்தாலும் கிடைக்காத சாமான். ஹவுஸ் ஓனர் வீட்டு பழைய பம்ப் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த அரை லிட்டர் காப்பாற்றியது. பழைய டூத் பிரஷ்ஷால் ஷட்டில், பாபின் கேஸ், ஊசிக்கம்பி, பல் தட்டு எல்லாவற்றையும் தேய்த்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, கறுப்பு வடிந்து தீரும் வரை. ஒரு நாள் நிழலில். பிறகு மெஷின் எண்ணெய், ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு, மறுநாள் மறுபடி. தோல் பெல்ட் புதுசு, ஊசி புதுசு, பலகை தேக்கு. மூன்றாம் நாள் சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது.

இதே முறைதான் மோட்டாருக்கும். அரை எச்.பி. தண்ணீர் மோட்டாரை எலக்ட்ரீஷியன் அண்ணன் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னபோது எனக்குக் கை வரவில்லை. கழுவி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, 100 வாட் குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு நாலு நாள். ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு எட்டாம் தேதி கரண்ட் வந்துவிட்டிருந்தது. பிறகு மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்து, ஒரு மெகாஓம் தாண்டியதும்தான் இணைப்பு. கெப்பாசிட்டரும் பேரிங்கும் மாற்றினோம். ஓடியது. மிக்ஸியை ஆசைப்பட்டு இரண்டாம் நாளே போட்டுப் பார்த்தேன், புகைந்து செத்தது. ஃப்ரிட்ஜ் ஓடியது, ஆனால் சுவருக்குள் ஊறிய சாக்கடை வாசனை போகவில்லை, பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. பைக்கை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. இரண்டு தடவை ஆயில் மாற்றினார். அந்த வரிசையில் எனக்கு முன்னால் முப்பது வண்டி.

மெத்தை, தலையணை, இலவம்பஞ்சு எல்லாவற்றையும் முதல் நாளே தெருவில் போட்டோம். இதில் யோசிக்கக் கூடாது; ஊறிய பஞ்சு காயாது. அம்மாவின் கூறைப்புடவையை மட்டும் தனி டப்பில் அலசி, வெள்ளை வேட்டியில் சுருட்டி ஈரத்தை எடுத்து, கொடியில் மடிக்காமல் விரித்தோம். அரக்குச் சாயம் புடவையின் உடலுக்கு இறங்கிவிட்டது, ஜரிகை நின்றது.

ஏப்ரல் 2016

அக்கா வீட்டுப் பொட்டலத்தில் கடைசியாக மிஞ்சியது அப்பாவின் அளவு நோட்டு. நீள வாக்கில் மடித்த, கோடு போட்ட கணக்கு நோட்டு. பாக்கி எவ்வளவு, யார் எப்போது கொடுத்தார்கள் என்று அப்பா பேனாவில் எழுதிய பக்கங்கள் வெளிர்நீலக் குளமாகிவிட்டிருந்தன. ஆனால் அளவு எடுக்கும்போது காதில் செருகிய பென்சிலால் எழுதுவார். பென்சில் கரியைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை.

பக்கத்துக்குப் பக்கம் நியூஸ் பிரிண்ட் வைத்து, ஈரம் ஏறிய தாளைத் தினம் மாற்றி, ஒன்பது நாள் ஆயிற்று. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். சட்டை, தோள் 17, கை 9, உயரம் 28. பேன்ட், இடுப்பு 32. அதன் மேல் பெயருக்குப் பதிலாக ‘பால் டிப்போ’ என்று மட்டும் இருந்தது. “இவரு பாக்கி வச்சிருந்தாரே, எவ்வளவுன்னு பாரு” என்றாள். எதிர்ப்பக்கத்தைத் திருப்பினேன். அது பேனாப் பக்கம்.